வெளி அடுக்கு

கோழி இல்லாமல் கோழிக்கறி வளர்க்கலாம் என்று நான் சொன்னபோது செங்கோட்டுவேல் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "புரட்டாசியில விக்குமா அம்மிணி?" என்பதுதான்.

நாமக்கல்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். வருடமெல்லாம் முட்டையும் கோழியுமாக ஓடுகிற ஊர், புரட்டாசி பிறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஜனங்கள் பெருமாளுக்கு விரதம். கோழிக்கு ஏது விரதம்? அது தின்று தின்று வளர்ந்துகொண்டே இருக்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. முதலாளியின் குஞ்சு பொரிப்பகத்தில் கருவியல் ஆய்வாளராக நான் சேர்ந்த முதல் வருடமே இந்த ஒப்பாரியைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"விக்கும்ங்க," என்றேன். "கொல்றதுக்கு அதுல ஆளே இருக்காது."

"ஆளே இருக்காதுன்னா?"

"கரு உண்டான கையோட மூணு அடுக்காப் பிரிஞ்சிரும்ங்க. கோழியானாலும் அப்பிடித்தான், நீங்க நானானாலும் அப்பிடித்தான். உள் அடுக்கு குடல், ஈரல், நுரையீரல் ஆகும். நடு அடுக்கு சதை, எலும்பு, ரத்தம், இதயம். வெளி அடுக்குதான் தோலும் றெக்கையும், அப்பறம் மூளை, நரம்பு எல்லாம்."

"தோலும் மூளையும் ஒண்ணுலருந்தா வருது?"

"ஆமாங்க. அந்த வெளி அடுக்கே முதுகுப் பக்கம் மடிஞ்சு உள்ள போயி மூளையாகுது. தொட்டா வாங்கிக்கறதும் அதுதான், தொட்டாங்கன்னு தெரிஞ்சுக்கறதும் அதுதான். அந்த ஒண்ண மட்டும் முளைக்க விடாம நிறுத்திட்டா, ஓட்டுக்குள்ள மிச்சம் இருக்கறது வெறும் கறி. வலிக்காது. ஏன்னா, வலிக்கறதுக்கு அங்க யாரும் இல்ல."

முதலாளி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப விரதம் கெடாது," என்றார், ஒரு சாமியாரின் நிம்மதியோடு. அன்றைக்கே அதற்கு 'விரதக்கறி' என்று பெயரும் வைத்துவிட்டார்.

என் கணவர் குணசீலன் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். அவருக்கும் இதே பாடத்தை எடுத்தேன். கேட்டுவிட்டு, "அப்ப பாடி தகரத்துலயே டிரைவரும் வந்துர்றானா? எங்க பட்டறையில இந்த வசதி இல்லாமப் போச்சே!" என்றார். சிரித்தோம். இரண்டு பேரும் சிரித்து நாளாகியிருந்தது. அதற்கு முன்னால் மூன்று கரு எனக்குத் தங்காமல் போயிருந்தது. முட்டைக்குள் கருவை வேண்டிய மட்டும் வளர்க்கத் தெரிந்தவளுக்குத் தன் வயிற்றில் ஒன்றை நிறுத்தத் தெரியவில்லை என்று ஒரு சொந்தக்காரி கல்யாண வீட்டில் சொன்னாள். என் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னாள்.

வேலை பலித்தது. முட்டை வந்ததும் நுனியில் ஊசியால் ஒரு துளி மருந்து. வெளி அடுக்கு ஊமையாகிவிடும். தோல் செய்ய வேண்டிய காரியத்தை நான் பூசிய ஒரு மெல்லிய படலமும் ஓடும் பார்த்துக்கொண்டன. வளர்ந்த முட்டைகளைத் தட்டோடு குளிர் அறைக்கு நகர்த்துவோம். இதயம் நின்றுவிடும், சதை மட்டும் சாகாமல் உறங்கும். சட்டியில் விழுகிற நிமிடம் வரை உயிரோட்டம் குறையாத கறி என்று முதலாளி பெருமையடித்துக்கொண்டார். ஆரம்பத்தில் சில தட்டுகளைச் சமைத்து ருசி பார்த்தோம், திருப்திதான். அதன் பிறகு வளர்ந்ததை யாரும் தொடவில்லை. வருகிற புரட்டாசிக்கென்று குளிர் அறையில் சேர்த்துக்கொண்டே போனோம்.

அந்த நேரத்தில்தான் நான் நான்காம் முறையாகக் கருவுற்றேன்.

*

தட்டுகளைக் கண்காணிக்கும் காவேரியக்கா ஒரு நாள் காலையில் என்னை வந்து கூப்பிட்டாள். "டாக்டரம்மா, சித்த வந்து பாருங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

பொரிப்பகத்தில் முட்டைக்கு அடியில் விளக்கு வைத்துத்தான் கருவைப் பார்ப்போம். ஓடு சிவந்து, உள்ளே ரத்தக் குழாய்கள் தெரியும். நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். அக்கா விளக்கைத் தட்டு முழுவதற்கும் போட்டிருந்தாள். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகத் துடித்தன. பக்கத்துத் தட்டும் அப்படியே. அறையின் அந்தக் கோடி வரை ஒரே சமயத்தில் சிவந்தது, ஒரே சமயத்தில் மங்கியது.

"இதயச் செல்லுக ஒண்ணையொண்ணு தொட்டா சேந்துதான் துடிக்கும் அக்கா. அதொண்ணும் அதிசயமில்ல," என்றேன்.

"தொட்டாத்தானுங்க? நடுவுல ஓடு இருக்குதுங்களே."

படித்தவர்களுக்குப் பதில் இல்லாதபோது ஒரு வழி உண்டு: மின்விசிறியின் அதிர்வு என்றேன். பிறகு அக்கா போனதும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் மறுபக்கத்துக்குப் போய் விளக்கு வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே துடிப்பு. இன்னொன்றும் உறுத்தியது. கோழிக்கருவின் இதயம் தலைதெறிக்க ஓடும். இது ஓடவில்லை. ஏதோ ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் வேகத்துக்கு நடந்துகொண்டிருந்தது.

அது யாருடைய வேகம் என்று அடுத்த வாரம் தெரிந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "பயப்படாம கேளுங்க, பாப்பாவோட ஹார்ட்," என்று ஒலியைக் கூட்டி வைத்தார். குணசீலன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆனால் அவர் அழுத காரணம் வேறு. அந்தத் துடிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அறை முழுக்கச் சிவந்து மங்குவதைப் பார்த்தபடி அதை என் உதடுகள் எண்ணியிருந்தன.

"துடிப்பு நல்லாருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒரே சீரா இருக்குது. குழந்தைக ஹார்ட் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். இது கடிகாரம் மாதிரி போகுது. பாக்கலாம்."

*

இதற்கு முன் மூன்றை இழந்தவள் என்பதால் குணசீலன் வீட்டிலேயே துடிப்பைக் கேட்க ஒரு சின்னக் கருவி வாங்கித் தந்திருந்தார். தினமும் காலையில் வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் தளர்ந்தது. நடந்து வருகிற ஆள் களைத்துப்போனால் எப்படி அடி எடுத்து வைப்பானோ, அப்படி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே போய்ச் சேர்வதற்குள் பழையபடி ஆகிவிட்டது. "ஒண்ணுமில்லை," என்று அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காவேரியக்கா சொன்னாள்: "நேத்து கரண்டு போயி ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிருச்சுங்க. ரூம் பூரா ஆறிப்போச்சு. அப்பறம் மெக்கானிக் வந்து சரிபண்ணுனான்."

எந்த நேரத்தில் என்று கேட்டேன். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அதே நேரம்.

அன்றைக்குச் சோதனைக்காகச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டிய நாள். ஊசியை முட்டைக்குள் செலுத்தியபோது வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. இரண்டாவது முட்டை, மறுபடியும் துள்ளல். மூன்றாவதைக் குத்த எனக்கு மனம் வரவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளை உதைப்பது அதிசயமா, என் கை படபடப்பு அதற்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கவலையெல்லாம் இதயத்தின் மேல் இருந்தது. அது நின்றுவிடக் கூடாது. வேறு எதையும் யோசிக்க எனக்குத் திராணியில்லை.

அன்று மாலை குணசீலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோழிமுட்டைக்கும் நம்ம புள்ளைக்கும் என்ன சம்பந்தம் பூவிழி?"

"எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றனுங்க. தோல்ங்கறது வெறும் போர்வை இல்ல. நான் இதுவரைக்கும்தான், அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது நான் இல்லன்னு சொல்றது அதுதான். அந்த முட்டைகளுக்கு நான் அத இல்லாமப் பண்ணிட்டேன். எது வரைக்கும் தான்னு அதுகளுக்குத் தெரியாது. அதுதான் எல்லாம் ஒண்ணாத் துடிச்சுது. அந்த ரூம்ல நான் தினமும் நின்னப்ப, என் வயித்துல ஒரு கரு மூணு அடுக்காப் பிரிஞ்சுட்டு இருந்துது. அதுக்கு வெளி அடுக்கு இருந்துது. அம்புட்டு உடம்புக்கும் சேத்து அங்க இருந்த ஒரே வெளி அடுக்கு அதுதானுங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. என் வயிற்றின் மேல் கையை வைத்தார்.

*

புரட்டாசி முதல் சனிக்கிழமை விற்பனை தொடக்கம் என்று ஊரெல்லாம் விளம்பரத் தட்டி வைத்தாகிவிட்டது. 'வலியில்லை, பழியில்லை' என்று அதில் முதலாளியே எழுதிய வாசகம். பக்கத்து வீட்டுத் தேவகி டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உன் புண்ணியத்துல இந்த வருசம் சனிக்கிழமையும் கறி திங்கப் போறோம்டி," என்று குதூகலித்தாள். விற்பனைக்காக எல்லா அடைகாப்பு இயந்திரங்களையும் ஒரே நாளில் காலிசெய்து, அத்தனை தட்டையும் குளிர் அறைக்கு அனுப்பப்போகிறார்கள். அதுவரை ஒவ்வொரு தட்டாகத்தான் குளிருக்குப் போயிருந்தது. மிச்சமெல்லாம் வெதுவெதுப்பில் துடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் ஒன்றாக நின்றால் என் வயிற்றுக்குள் என்ன ஆகும்? எனக்கோ இன்னும் நாள் ஆகவில்லை.

முதலாளியிடம் போனேன். வாயால் சொன்னால் பைத்தியம் என்பார். எனவே கருவியை வயிற்றில் வைத்து ஒலியைக் கூட்டி, அவரைத் தட்டின் முன் நிற்கவைத்து விளக்கைப் போட்டேன். சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன. செங்கோட்டுவேல் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"அப்ப இதுக்குள்ள உசுரு இருக்குதா அம்மிணி?"

"இதுகளோட உசுரு இல்லீங்க. என் புள்ளையோடது."

"நான் என்ன பண்ணோணும்?"

"என் பிரசவம் முடியற வரைக்கும் ஒதுக்கி வெக்கோணும். தொப்புள்கொடி அறுத்து, அது தனியா மூச்சு விட்டுட்டா அதோட இதயம் அதுக்கு."

அவர் கெட்டவரில்லை. கோபக்காரர், பேராசைக்காரர், ஆனால் இரண்டு பெண்ணைப் பெற்றவர். "மூணாஞ் சனிக்குத் தள்ளிப் போடறேன். அதுக்கு மேல என்னால முடியாது, பாத்துக்கங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் கரண்டு போகாது. பொரிப்பகத்தை நம்ப முடியாது, அங்கே எல்லாம் ஆறிப்போனாலும் ஒரு தட்டாவது துடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே குணசீலன் பட்டறையில் ஒரு பெட்டி செய்தார். லாரி கேபினுக்குப் போடுகிற மெத்தையும் தகரமும், உள்ளே பேட்டரியில் ஓடும் சூடு. ஒரு தட்டு முட்டையை அதில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். பிரசாதம் வைத்திருக்கிறார் என்று நினைத்து ஒரு அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாளாம்.

பெண் பிறந்தாள். வீலென்று அழுதாள். கொடியை அறுத்தார்கள். மார்பில் கருவியை வைத்தபோது அவளுடைய துடிப்பு ஏறியது, இறங்கியது, பால் வாசனைக்கு மறுபடி ஏறியது. இத்தனை மாதம் கடிகாரமாக இருந்த இதயம் முதல்முறையாகத் தாறுமாறாக, அழகாக ஓடியது. வெளியே குணசீலன் பெட்டியைத் திறந்து விளக்கு வைத்துப் பார்த்தார். முட்டைகள் தமக்குள் ஒன்றாகத் துடித்தன. ஆனால் கோழி வேகத்தில், குழந்தையோடு சேராமல்.

அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. படுக்கையிலிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். "முடிஞ்சதுங்க. அது வேற, இது வேற ஆயிருச்சு. இனி உங்க இஷ்டம்."

*

மூன்றாம் சனிக்கு முந்தின நாள் எல்லாத் தட்டுகளும் குளிருக்குப் போயின. குணசீலனின் பெட்டியில் இருந்ததும் போனது. அன்றைக்குப் பாப்பா பகல் முழுக்கத் தூங்கினாள். கையும் காலும் சில்லென்று இருந்தன. குல்லாய் போட்டு, துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். துடிப்பைக் கேட்டேன், நன்றாகவே இருந்தது. "நல்ல புள்ள, அம்மாளத் தொந்தரவே பண்றதில்ல," என்றார் குணசீலன்.

சனிக்கிழமை. எங்களுக்குப் பிள்ளைத் தீட்டு, சாமி கும்பிடவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் பெருமாளுக்குத் தளிகை போட்டுக்கொண்டிருந்தார்கள். முற்பகலில் முதலாளி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். போனில் அவருடைய குரல் கல்யாண வீட்டுக் குரலாக இருந்தது. "கடையில கூட்டம் நெட்டித் தள்ளுது அம்மிணி! படையல் முடிஞ்சதும் ஊரே கறிச்சட்டி வெக்கப் போகுது!"

எனக்குப் பத்தியம். "உங்களுக்கு மட்டும் வறுத்துக்கங்க," என்றேன். குணசீலன் பொட்டலத்தைப் பிரித்துக் குழாயடியில் கழுவினார். குளிர் விட்டுக் கறி இளகியிருக்கும். தொட்டிலில் பாப்பா கண் விழித்து முனகினாள். கையை உதறினாள். பசி என்று எடுத்தேன், பால் குடிக்கவில்லை.

சமையலறையில் கத்தி பலகையில் பட்ட சத்தம் கேட்டது. அதே கணம் என் மடியில் அவள் விலுக்கென்று துடித்தாள். மறுபடி கத்தி. மறுபடி துடிப்பு.

ஊசி குத்தியபோது வயிற்றுக்குள் துள்ளியது எனக்கு ஞாபகம் வந்தது. இதயம் நடு அடுக்கு. இத்தனை மாதமும் நான் நடு அடுக்கையே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது பிரிந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அந்தச் சதைகள் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது இதயத்தை அல்லவே. அதுகளிடம் இல்லாதது எது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். வலிக்க அங்கே யாரும் இல்லை என்று சொன்னவள் நான்.

வாயைத் திறந்தேன், குரல் வருவதற்குள் கறி சட்டியில் விழுந்தது.

என் மகள் போட்ட அலறலை எழுதத் தெரியவில்லை. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. உடம்பு வில்லாக வளைந்தது. துணியை உருவிப் பார்த்தேன். தோலில் ஒரு சிவப்புகூட இல்லை.

"அடுப்ப அணைங்க!" என்று கத்தினேன். "எடுங்க, தண்ணியில போடுங்க, ஐயோ, சீக்கிரம் எடுங்க!"

சட்டி உருண்ட சத்தம். குழாய் திறந்த சத்தம். அலறல் தேய்ந்தது, விம்மலானது, நின்றது. அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். குணசீலன் கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது. நான் போனை எடுத்து முதலாளிக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, கடையில் கூட்டம்.

எங்கோ ஒரு வீட்டில் தளிகை முடிந்து சங்கு ஊதினார்கள். கோவிந்தா, கோவிந்தா என்று பிள்ளைகள் சேர்ந்து கூவினார்கள். பிறகு அடுத்த தெருவில் ஒரு சங்கு. அப்புறம் இன்னொன்று.

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தேவகி டீச்சர் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்தது. எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. கடுகு வெடித்தது.

பாப்பா என் கழுத்திலிருந்து மெல்லத் தலையை விலக்கி, அந்த ஜன்னல் இருக்கும் பக்கம் திரும்பினாள்.